முப்பத்தாறாம் ஃபியூஸ்

யார்க்டனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கராஜுக்குள் மைனஸ் பதினெட்டு;
சஸ்காச்சுவானில் அதற்குப் பெயர் வெயில்.

இந்த வாரம் இது மூன்றாவது முறை.
சாவியைத் திருப்பினால்
டிக், டிக், டிக்.
பிறகு அதுவும் இல்லை.

பேட்டரி புதிது.
இருநூற்று எழுபது டாலர், வரி தனி.
உதிரிபாகக் கடைப் பையன் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தான்;
எந்த வண்டி போனாலும் அவனுக்கு அதுதான் கள்வன்.
எதிர்வீட்டு வெண்டல் ஃப்ரீசன்
டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி,
"இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர், தார்சியா.
மாடாக இருந்திருந்தால் எப்போதோ கறியாகியிருக்கும்" என்றார்.
சிரித்தேன்.
ஜம்பர் கேபிள் அவருடையது.

ட்ரெவருக்குச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட்.
ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் பொட்டாஷ் வெட்டுகிறவனிடம்
மேலே எஸ்யூவி கிளம்பவில்லை என்று
எந்த வாயால் சொல்வது.
மல்டிமீட்டரை எடுத்தேன்.

பேட்டரி முனைக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவில்
மீட்டரை மாட்டிவிட்டால்
தூக்கத்தில் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும்.
ஆனால் கதவு திறந்திருந்தால் அது தூங்காது.
ஃபியூஸ் பெட்டியோ கதவுக்கு உள்ளே.
ஓட்டுநர் கதவை அகலத் திறந்துவைத்து
அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினேன்.
க்ளக். க்ளக்.
மூடிவிட்டேன் என்று வண்டியிடம் ஒரு பொய்.
நம்பியது.

இனி நாற்பது நிமிஷம் எதையும் தொடக் கூடாது.
பனிக்கோட்டோடு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
உள்ளே எங்கோ ஒரு ரிலே விழுந்தது,
ஒரு விசிறி நின்றது,
பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்குகிற மாதிரி.
ஒன்று மட்டும் அடங்கவில்லை.
இருக்க வேண்டியது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
மீட்டரில் ஒன்று புள்ளி இரண்டு,
கண்கொத்திப் பாம்பாய் நான் பார்க்கப் பார்க்க
அசையாமல்.

கையுறையோடு ஃபியூஸ் பிடுங்க முடியாது.
கையுறையில்லாமல் ஐந்துக்கு மேல் முடியாது.
ரேடியோ: மாற்றமில்லை.
இருக்கைச் சூடு: இல்லை.
பின்வரிசை ஏசி, அது இரண்டு வருஷமாகவே இல்லை.
விரலை அக்குளில் திணித்துக்கொண்டு, மறுபடி.
முப்பத்தாறைப் பிடுங்கியதும்
எண் தொப்பென்று கீழே விழுந்தது.

முப்பத்தாறு என்றால் கதவுகள்.
மூன்றும் சரி. பின்பக்க வலது கதவின் பூட்டில்
இறுகிக் கறுத்த கிரீஸ்,
அதற்குள் சூரியகாந்தி விதைத் தோல்.
ஒன்றா இரண்டா, ஒரு கைப்பிடி.
சாஃப்ட்பால் சீசன் முழுக்க ஒரீசியா அந்தச் சீட்டில்தான்
கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டு வந்தாள்.
கோடையில் நெகிழ்ந்து கொடுத்த கிரீஸ்
குளிரில் கல்லாகி, ஸ்விட்சை அமுங்கவிடவில்லை.
மூடிய கதவு
திறந்தே இருக்கிறேன் என்று ராத்திரி முழுக்கச் சொல்ல,
வண்டியும் விடியும்வரை விழித்திருந்திருக்கிறது.

அதையும் நம்பியிருக்கிறது.

டார்ச் பிடிக்க வந்த ஒரீசியா
தோல்களை எட்டிப் பார்த்துவிட்டு,
"அது பெக்கியுடையதாகவும் இருக்கலாம்" என்றாள்.
பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, வெள்ளை கிரீஸ் அடித்து,
ஃபியூஸைத் திரும்பச் செருகி, எல்லாம் அடங்கியபின்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
டாஷ்போர்டில் நவம்பரிலிருந்தே
சிவப்பாய் ஒரு சின்னக் கதவு எரிந்துகொண்டிருந்தது.
கண்ணைக் குத்துகிறது என்று
அதன்மேல் ட்ரெவர் கறுப்பு டேப் ஒட்டினான்.
கத்தரித்துக் கொடுத்தது நான்.

காலையில் ஒரே திருப்பில் கிளம்பியது.
டேப்பைப் பிய்த்தேன்.
அடியில் இருட்டு; அதுதான் வேண்டியது.
பக்கத்திலேயே மஞ்சள் எஞ்சின் விளக்கு,
அக்டோபரிலிருந்து.
பெட்ரோல் மூடி சரியாக இறுகாததாக இருக்கும்.
இருக்கும்.
பள்ளிக்கூட வாசலில் வரிசை நகரும்வரை
பசை காயாத அந்தத் துண்டை
விரல்நுனியிலேயே வைத்திருந்தேன்.