வெப்பம் தொட்ட ஓரம்

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் இருப்பதால்
பதினெட்டு வருஷம் முன்பு செத்துப்போன சவரிமுத்துவைத்தான்
தினமும் காலை ஆறே முக்காலுக்கு
உள்ளே கூப்பிடுகிறாள் மரிசெல்.
நான் எழுந்து போகிறேன்.

மேசை. முகமூடி.
வெந்நீரில் இளக்கி என் முகத்தின் மேல் இழுத்து
ஆறவைத்த வெள்ளை வலை.
கழுத்தில் சிவப்பு மையில் ஒரு கூட்டல் குறி.
கொக்கிகளை மாட்டியதும்
எல்லோரும் வெளியேறுகிறார்கள்.
கனத்த கதவு நகர்ந்து மூடும் சத்தம்
எனக்குப் பழக்கம்தான்.
இத்தனை நாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

மினா அப்துல்லாவில் இருபத்திரண்டு வருஷம்
ராத்திரிகளில் குழாய் வெல்டுகளைப் படம் பிடித்தேன்.
மஞ்சள் கயிறு கட்டி, விசில் ஊதி,
டீ குடிக்க நின்றவர்களையும் விரட்டிவிட்டு
கைப்பிடியைச் சுற்றி இரிடியத்தை வெளியே அனுப்பி
மணல்மேட்டுக்குப் பின்னால் குந்தி எண்ணுவேன்.
ஃபிலிமில் ஊசிமுனைக் குமிழி தெரிந்தாலும்
சாக்பீஸால் வட்டம் போடுவேன்:
வெட்டு, திரும்ப அடி.
இரும்பு அந்தக் கதிரை நினைவில் வைப்பதில்லை.

தோல் வைக்கிறது.
பதினோராம் நாள் குப்பூஸ் அட்டையானது.
பதினாலாம் நாள் மோரில் ஆணியின் ருசி.
யாதகிரி அறையில் மீன் பொரித்தால்
வாசனை வருகிறது, மீன் வருவதில்லை.
வலது தாடைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு
தாடி முளைப்பதையே விட்டுவிட்டது.

இதனால்தான் வந்ததா என்று கேட்டேன்.
சொல்ல முடியாது என்றார் டாக்டர் ஹனான்.
பிறகு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டார்.
அடி இரண்டுக்கும்தான் விழுகிறது.
நல்ல செல் ராவோடு ராவாக
அறுந்ததைக் கோத்துக்கொள்ளும்.
கெட்டதற்கு எப்போதும் அவசரம், தைக்க வராது,
கிழிசலோடு இரண்டாகப் பிரியப் போய்
அங்கேயே விழும்.
அதனால்தான் ஒரேயடியாகத் தராமல்
முப்பத்துமூன்று நாளாகப் பிரித்திருக்கிறோம்.

எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
ஒரு சுற்று அடித்த குழாய் ஆறும் வரை
அடுத்த சுற்றுக்கு விடமாட்டேன்.
ஃபோர்மேன் கத்துவான். கத்தட்டும்.
உருகாமல், ஆனால் உருகியதற்குப் பக்கத்திலேயே நின்று
தீயை வாங்கிக்கொண்ட இரும்புக்கு
நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்:
வெப்பம் தொட்ட ஓரம்.
பின்னாளில் விரிசல் வந்தால்
அனேகமாக அங்கேதான் வரும்.
அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

வெள்ளி, சனி மெஷினுக்கு லீவு.
மங்காஃபில் ஏசிக்கு நேர் கீழே கட்டில்.
தொண்டைக்குள் நைட் ஷிஃப்ட் நடக்கிறது,
யாரும் கணக்கு எழுதாத ஓவர்டைம்.
ஞாயிறு விடியலில் தண்ணீர்
ஒரு மிடறு கூடுதலாக இறங்கும்.
மறுபடி, சவரிமுத்து.

நேற்று கம்பெனியிலிருந்து கதிர் பேட்ஜ் அறிக்கை வந்தது.
இந்த மாதம் என் பெயருக்கு நேரே சைபர்.
வைத்தியத்துக்கு வாங்கியது அதில் சேராதாம்.
கையெழுத்து கேட்டார்கள்.
போட்டேன்.

இன்று இருபத்தாறு.
முகமூடியைக் கழற்றியபோது
வலையின் கட்டங்கள் நெற்றியில் பதிந்திருந்தன.
பஸ்ஸில் எதிர் சீட்டுப் பையன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.
ஃபஹாஹீல் வருவதற்குள் போய்விடும் என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
குரலுக்குப் பதில் காற்று வந்தது.
அவன் தலையாட்டினான்,
நகர்ந்து உட்கார்ந்து
ஜன்னல் பக்கத்தைக் காட்டினான்.