கேள்வி எண் பதினொன்று

பண்ணைக்காட்டுக்கு முந்தின வளைவில்
பேருந்து டயர் மாற்ற நின்றபோது
சரிவு முழுக்கக் காப்பி பூத்திருந்தது.
மல்லிகைக்குக் கொஞ்சம் தள்ளிய வாசம்.
படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.
தேதி ஜனவரி பத்தொன்பது.
அதில் என்ன தப்பென்று அப்போது தெரியாது.

எனக்கு நாளைக்கு எட்டு வீடு,
வீட்டுக்கு முப்பத்திரண்டு கேள்வி.
டேப்பைத் தட்டினால் விழும்:
ஆம், இல்லை, தெரியாது.

ஜெயக்கொடிக்கு இரண்டேகால் ஏக்கர்.
களத்தில் காயும் பழத்தை
வெறுங்காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே
பதில் சொன்னாள்.

கேள்வி ஏழு.
கடந்த இருபது ஆண்டுகளில்
மழைப்பொழிவில் மாற்றத்தை உணர்ந்தீர்களா?

இரு என்று போய்
ஒரு கிளையை ஒடியாமல் வளைத்தாள்.
நுனியில் பூ. கீழே மிளகளவு பிஞ்சு.
அடுத்த கணுவில் பச்சை.
அதற்கடுத்து ரத்தச் சிவப்பு.

"பங்குனியில ஒரு மழை வரும், பூ மழை.
பத்து நாள்ல தோட்டமே ஒண்ணாப் பூக்கும்.
தையில பறிச்சா முடிஞ்சுது.
இப்ப மழை அது இஷ்டத்துக்கு,
செடி அது இஷ்டத்துக்கு.
ஒரே செடிக்கு நாலு தடவை ஆள் விடணும்.
பழத்துக்குப் போற கை பட்டுப் பூ உதிருது.
பூவைப் பாக்கவா, கூலியைப் பாக்கவா?"

ஆம் என்று தட்டினேன்.

கேள்வி பதினொன்று.
தகவமைப்பு நடவடிக்கைகள் ஏதேனும் மேற்கொண்டீர்களா?

"அப்படின்னா?"
சமாளிக்கிறதுக்கா.
"அதுக்கு இம்புட்டுப் பெரிய பேரா" என்று சிரித்தாள்.

"மாமனார் கமலா ஆரஞ்சு வச்சார், பட்டுப்போச்சு.
மலைவாழை வச்சோம், முடிக்கொத்து விழுந்துச்சு.
அப்பல்லாம் ஒருத்தரும்
டேப்பு தூக்கிட்டு வரல."

பிறகு கிளறுவதை நிறுத்தினாள்.

"போன பங்குனி தேய்ஞ்சும் மழையில்ல.
தோட்டை அடகு வச்சு டீசல் மோட்டார் எடுத்தேன்.
மூணு ராத்திரி ஓடைத் தண்ணி.
கீழ்த்தோட்டம் சவரிராஜோட அதுல சண்டை,
இன்னிக்கும் பேச்சில்ல.
எட்டாம் நாள் பூத்துச்சு பாரு,
அம்மாடி.
ஒன்பதாம் நாள் வந்துச்சு மழை.
கல்மழை.
பூவெல்லாம் சேறு.
சவரிராஜ் ஒண்ணுமே செய்யல.
மொட்டா நின்ன அவன் செடிக்கு
அதே மழைதான் பூ மழை."

கொஞ்சம் பொறுத்து,
"இதை எதுல போடுவ?"

திரையில் இருந்தவை:
பாசனத்தை மேம்படுத்தினார்.
பயிரை மாற்றினார்.
நிழல் மரம் நட்டார்.
பிற.

நான் விரலைத் தூக்கியபடி இருக்கையில்
மச்சூர்ப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.
"பாப்பா, அந்த முனையைப் பிடி!"
டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.
தார்ப்பாய் காற்றில் எருமை மாதிரி இழுத்தது.
இழுத்து, மூடி, கல் வைத்து நிமிர்ந்தால்
ஐந்தாறு துளி.
அப்புறம் பளீரென்று வெயில்.

மறுபடி விரித்தோம்.
"காலையிலருந்து இது நாலாவது" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

வேலியோரம் நாற்பது பட்டர் புரூட் கன்று,
ஒவ்வொன்றுக்கும் பழைய உரச்சாக்கில் சட்டை.
"அதுக்கும் ஏதோ துளைப்பான் வந்திருக்காம்.
வச்சாச்சு, பாப்போம்" என்று
குழாயைத் திருப்பிவிட்டாள்.

கடைசியில் கருத்துப் பெட்டி,
நாற்பது எழுத்துக்கு மிகாமல்.
நான் அடித்தது:
ஒரே கிளையில் பூவும் பழமும்.

சிக்னல் கிடைத்தது ஊத்துக்கு இறங்கும்போது.
ராத்திரி மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
"நூத்திநாலாம் படிவத்துல
கவிதை மாதிரி என்னமோ இருக்கேம்மா.
பூவும் பழமும்னா நல்லதுதானே,
இதுல பாதிப்பு எங்க? எடுத்துடவா?"

காதில் போனோடு அறையில் நின்றேன்.
காலையில் வைத்த பூப் படத்துக்கு
அதற்குள் பதினேழு இதயம் வந்திருந்தது.

"இருங்க சார்" என்றேன்.
அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல்,
காற்றடிக்கும் தார்ப்பாயின்
ஒரு முனையை மட்டும் பிடித்திருப்பவளாக.