வெறும் வாய்

எலிகள் நடுங்குவதில்லை.
எங்கள் முதல் தொல்லையே அதுதான்.
நடுமூளையில் ஒரு திட்டு;
கறுப்பு என்று பெயர்,
எலியில் அது கறுப்பும் இல்லை.
அதை ஒருபக்கம் நஞ்சிட்டுத் தீய்த்தால்
வட்டமாகச் சுற்றும்,
சுவரோரம் உடம்பை இழுத்துக்கொண்டு போகும்.
கை மட்டும் நடுங்காது.

அதனால் தாடையைப் பார்க்கிறோம்.
வேறொரு மருந்து, அரை மில்லி, வயிற்றில்.
பத்தாம் நிமிடம்
வாயில் ஒன்றுமில்லாமல்
மெல்லத் தொடங்குகிறது இருபத்தேழாம் எண்.
நொடிக்கு ஐந்து.
கட்டுரைகளில் இதற்கு நீளமான பெயர் உண்டு.
எனக்கு வாயில் வருவது
பழமொழியின் முதல் பாதி.

மண்டையில் சிமெண்ட் தொப்பி,
அதிலிருந்து மயிரினும் மெல்லிய பதினாறு கம்பிகள்.
முதல் வாரம் முழுக்க நாங்கள் கேட்டது
ராயல் பரேடில் போகும் பத்தொன்பதாம் எண் ட்ராமை.
அப்புறம் சுவர் மின்சாரத்தின் ஐம்பதை.
ஸ்டாவ்ரூலா குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.
அவள் தயிர் புளித்தது,
இரைச்சல் அடங்கியது,
அடியிலிருந்து வந்தது ஒரு செல்:
டக். டக். டக்.

தாடை அசைவதற்கு
முப்பது மில்லிநொடி முன்னால்.
எப்போதும் இல்லை, பத்துக்கு ஏழு.
மிச்ச மூன்றில் தாடை முந்திக்கொள்கிறது.
யார் யாரை இழுக்கிறார் என்று பார்ப்பதற்கு
நான்கு வருடமாக எனக்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை
நோயாளர் குழுவிலிருந்து லியோனி வந்தார்.
பிரஸ்டனில் முப்பது வருடம்
கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கியவர்.
இடது கை மடியில் தன்பாட்டுக்கு
யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தது.
தேநீர்க் கோப்பையை எடுத்தால் எண்ணுவதை நிறுத்தும்.
கீழே வைத்ததும்
விட்ட இடத்திலிருந்து.

எலிக்கூடத்துக்குள் வெளியார் போகக்கூடாது.
பதிவை ஒலிபெருக்கியில் போட்டேன்.
அவர் கை, அதன் செல்.
சிக்னலில் நிற்கும் இரண்டு கார்களின்
திருப்ப விளக்குகள் மாதிரி
சேர்வதுபோல் இருந்தது, விலகியது,
எதிரெதிராய் இமைத்தது, மறுபடி
ஒரே ஒரு தடவை சேர்ந்தது.
அதற்காக யாரும் கண்கலங்கவில்லை.
அவருடையது நாலரை, எலியுடையது ஐந்து.
பச்சை விழுந்தால் வேறுவேறு தெரு.

"அப்படி என்னதான் மெல்கிறது?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமே இல்லையா?
ஒரு உலர்திராட்சையாவது கொடுங்களேன், பாவம்."

நெறிமுறைக் குழுவின் படிவத்தில்
திராட்சை என்ற சொல் கிடையாது.
வெள்ளிக்கிழமை இருபத்தேழுக்குக் கடைசிப் பதிவு.
அதன்பின் ஃபார்மலின்,
நாற்பது மைக்ரான் சீவல்கள், கண்ணாடித் தகடுகள்.
பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.

இரண்டு முன்கையாலும் வாங்கிக்கொண்டது.
கள்ளநோட்டா என்று பார்க்கும் காசாளர்போல்
திருப்பித் திருப்பிப் பார்த்தது.
கடித்தது.
திரையில் அந்த ஐந்து
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.
செல் பேசாமல் இல்லை. பேசியது,
இடைவெளி தப்பி, முன்னுக்குப் பின்னாக,
சந்தையில் பேசுகிற மாதிரி.
நாற்பத்தொரு நொடி.
பிறகு நகங்களை நக்கித் துடைத்துவிட்டுக்
காலியாக மெல்ல ஆரம்பித்தது.

ஆய்வுக்கு உதவாத துண்டு.
வெட்டி எறிய வேண்டும்.
வெட்டினேன்.
கணினி பெயர் கேட்டது, தட்டினேன்.
"இது என்ன எழுத்து?" என்றாள்
ஸ்டாவ்ரூலா, தோளுக்குப் பின்னாலிருந்து.
அவல், என்றேன்.
ஒருவகை அரிசி.