நடுத்துண்டு

சொஹார் ஆலையில் என் வேலை
அளவுமானிகளைச் சரிபார்ப்பது.
அரை பார் அழுத்தம் கூடக் காட்டினாலும்
கையெழுத்துப் போட மாட்டேன்.
மேலாளர் கத்துவார். போட மாட்டேன்.
முள், பக்கத்து முள்ளைப் பார்த்து நகர்வதில்லை.
அதற்கு ஊரில் யாரும் இல்லை.

பதினோராம் அறையில் நாங்கள் எட்டுப் பேர்.
ஒரு வெள்ளி மதியம்
நைனாவின் நாற்பது ரியாலைக் காணோம்.

யாரும் வியாகப்பனைச் சொல்லவில்லை.
சீட்டில் சேராதவன்,
சுவரைப் பார்த்துப் போன் பேசுகிறவன்,
அப்போது அறையிலும் இல்லாதவன்.
பெயர் தானாக வந்து
நடுவில் சம்மணமிட்டுக்கொண்டது.

அந்த நேரமெல்லாம் அவன்
குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தான்.
எனக்குத் தெரியும்.
அவன் கையில் இருந்தது என் சோப்பு.
சொல்லத்தான் வாய் திறந்தேன்.
ஆறு முகங்கள் திரும்பின.
திறந்த வாயை வீணாக்காமல்
"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

பொய் சொன்னதாக நினைக்காதீர்கள்.
அன்றிரவு, நான் தூங்காதபோதே,
அந்த வாளி வியாழக்கிழமைக்கு நகர்ந்தது.
விடியும்போது நுரைக்குள்
வேறு யாருடைய கைகளோ இருந்தன.
மூன்றாம் நாள்
"அவன் பார்வையே சரியில்லை" என்று
நானே தவசியிடம் சொன்னேன்.
நம்பித்தான் சொன்னேன்.

என்றோ ஒரு குளிரில்
நெருப்பைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தவர்களின்
வம்சம் நான்.
கண்டதைக் கண்டபடி சொல்லி
இருட்டில் நின்றவனுக்கு
பிள்ளைகள் இருந்ததாகத் தெரியவில்லை.

வியாகப்பன் பெட்டியோடு ஆறாம் அறைக்குப் போனான்.
போகும்போது என் கட்டிலில்
பாதி கரைந்த சோப்பை வைத்தான்.
"இதையும் எடுத்திருக்கிறானா?" என்றார்கள்.
இருக்கும் என்றேன்.

ஜூன் மாதம், ஏசி வலையைத் தட்டியபோது
தூசியோடு விழுந்தன
நான்கு பத்து ரியால் தாள்கள்.
நைனா முகத்தில் ஏதோ ஞாபகம்
ஏறி வந்து, பாதியில் நின்றது.
அறை மூச்சு விடவில்லை.
தவசிதான் காப்பாற்றினான்:
"பார்த்தீங்களா, எங்க கொண்டுபோய்
ஒளிச்சு வச்சிருக்கான்!"

அப்பாடா.
எல்லோரும் சிரித்தோம்.
நைனா கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

அன்றிரவு சீலா மீன் குழம்பு.
தவசி என் தட்டில்
நடுத்துண்டாகப் பார்த்து வைத்தான்.
விரலால் பிட்டுத் தேடினேன்,
பழக்கதோஷம்.
முள்ளே இல்லை.