மியே

வெள்ளவத்தை, ஹம்டன் லேன், மூன்றாம் மாடி.
பின்லாந்துக்குத் தாதியராகப் போக ஆறு பேர்
'நான்' சொல்லப் பழகுகிறோம்:
மினா.
கடலோர ரயில் கடக்கும்வரை நிறுத்தி
மறுபடியும் மினா.
கடைசியில் வரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை.
சிங்களத்தில் உண்டு,
138ஆம் பஸ்ஸில் கேட்டுக் கேட்டு
எங்கள் வாயில் ஏறியது.

திரையில் பைவி டீச்சருக்குப் போன் வந்தது.
அம்மாவாம். ஒலியை நிறுத்த மறந்துவிட்டார்.
மியே, மியே என்றார் நாலைந்து தரம்,
முகமே வேறாகி.

"அது லப்பேன்ரந்தாப் பக்கத்து 'நான்'.
தம்பரேயில் மாஆ என்று இழுப்பார்கள்,
ஹெல்சிங்கியில் வெறும் மா.
சோதனையில் எழுதிவிடாதீர்கள்."

ஆறு ஊர்க்காரர் நாங்கள். 'நான்' எல்லோருக்கும் ஒன்றுதான்,
அடுத்த சொல்லில்தான் பிடிபடுவோம்.
பதுளைக் கோகிலமணி
இந்த லேனில் அறை தேடிய அன்று
'வர்றேன்' என்பதை விழுங்கி
'வாறன்' என்றாளாம்.
சாவி கிடைத்தது.
இன்றும் வீட்டுக்காரி முன்னால் அதிகம் பேசமாட்டாள்.

அவள்தான் கையுயர்த்தினாள்:
மியே என்றால் அங்கே அறை தருவார்களா?

பைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஹெல்சிங்கியில் அறை கேட்டபோது
நான்
மா என்றுதான் சொன்னேன்."