பென்சிலால் எழுதியது

புன்டா அரேனாஸில் பெருங்காற்று அடித்தால்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்,
ஒரு கையில் கயிறு,
மேல்கோட்டுக்குள் ராயேன்.

வரச்சொன்னது ஆறாவது வாரம்.
ஆறில் அவளுக்குக் காய்ச்சல்,
எட்டில் பேருந்து ஓடவில்லை,
ஒன்பதில், உள்ளதைச் சொன்னால், மறந்துபோனேன்.
இது பதினொன்று.

வயிற்றில் அவள் இருந்தபோது
என் விரல்நுனியை ஊரே விசாரித்தது.
நண்டுத் தொழிற்சாலை மேற்பார்வையாளன்கூட
"இன்றைக்கு எவ்வளவு, யாஸ்னா?" என்பான்,
பந்தய முடிவு கேட்பதுபோல.
நாளுக்கு நாலு குத்து.
எலியாசர் ஒன்றும் பேசாமல்
ரொட்டித் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வான்.

பிறந்தாள்.
பிறகு கேட்டதெல்லாம் அவளை:
எடை ஏறுகிறதா, தொப்புள் காய்ந்ததா.
சர்க்கரைமானி இழுப்பறைக்குள் போயிற்று,
தீர்ந்த பேட்டரிகளோடும்
பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுத்திரிகளோடும்.
நஞ்சுக்கொடியோடு அதுவும் போய்விட்டதென்று
நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இப்போது கையில் தம்ளர்.
எழுபத்தைந்து கிராம்,
எலுமிச்சை என்று பொய் சொல்லும் பாகு.
ஐந்தே நிமிடத்தில் குடிக்க வேண்டும்.
வாந்தி வந்தால் இன்னொரு நாள், மறுபடி முதலிலிருந்து.
குடித்தேன்.
இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார் என்றார்கள்.
நின்றே நண்டு உடைக்கிறவளிடம்
இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.

பக்கத்து நாற்காலிக்காரி பூட்ஸைக் கழற்றினாள்.
கால்விரலில் கட்டு.
"எனக்கும் பிள்ளையோடுதான் வந்தது.
போய்விட்டதென்று சொன்னார்கள்" என்றாள்.
கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல்,
"சொன்னார்கள்."

ராயேன் விழித்தாள். பால் கொடுத்தேன்.
அவளுக்கும் எலுமிச்சை மணக்குமோ என்று
அசட்டுத்தனமாக ஒரு கவலை.

வியாழக்கிழமை தொலைபேசி.
நூற்று நாற்பத்தெட்டு.
நோய் இல்லை என்றார் மருத்துவச்சி.
நலம் என்றும் சொல்லவில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு இருக்கிறதாம்,
நிறையப் பேர் அதில்தான் நடக்கிறார்களாம்.
நட, ரொட்டியைப் பாதியாக்கு,
வருஷம் தவறாமல் வந்து காட்டு.

அடுத்த வருஷத்து நாட்காட்டி
இன்னும் கடைக்கு வரவில்லை.
ராயேனின் தடுப்பூசி அட்டையில்,
ஓராண்டு ஊசிக்கு நேரே,
விளிம்பில் இருந்த வெள்ளையில்
பென்சிலால் என் பெயர் எழுதினேன்.

பென்சில் அழியும்.
பேனா தேடி இழுப்பறையைத் துழாவினேன்.
முதலில் கைக்கு வந்தது அதுதான்.
டப்பாவில்
இன்னும் நாலு பட்டை பாக்கி.