தண்ணீர்க் கழிவு

வீட்டை விற்க நல்ல மாதம் எதுவென்று கேட்டேன்.
ஏஜெண்டு யாப் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி
நோயாளியைக் கிடத்துவதுபோல்
மேசையில் போட்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு.
பிப்ரவரியில் எங்க ஆளுங்க பெருநாள்,
அங்பாவுக்குத்தான் பேங்குக்குப் போவாங்க.
நோன்பு மாதத்தில் வீடு பார்க்க வருகிறவருக்கு
ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது உன்னால்.
ஆடியில் உங்க ஆளுங்க அசைய மாட்டாங்க.
எங்க ஏழாம் மாதம் பேய்கள் மட்டும் வரும்.
செப்டம்பரில் புகைமூட்டம், எதிர்வீடே தெரியாது.

பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்தார்.
"ஏப்ரல். வெயில். சுவர் காஞ்சிருக்கும்.
டிசம்பர் மட்டும் மறந்தும் வேணாம்லா."

டிசம்பரை லாபிசில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
எங்கள் தாமானின் மூன்றாம் வரிசைக்கு ஆறு வரும்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மார்ச்சில் பெயிண்ட் அடித்தேன்.
முழங்கால் உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டின்மேல்
இரண்டு பூச்சு, மனம் கேட்காமல் இன்னொன்று.
தமயந்தி தரையில் உட்கார்ந்து
பிளக்குப் பெட்டியின் துளைகளிலிருந்து
காது குடையும் குச்சியால் வண்டல் எடுத்தாள்.

ஏப்ரலில் பதினோரு பேர் வந்தார்கள்.
அடுப்படி நன்றாயிருக்கிறது என்றார்கள்.
ஒருவர் ரம்புத்தான் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.
யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

எனக்கு வேலை செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்.
லாரி நிறைந்து ஏறும், வெறுமையாய் இறங்கும்,
இடையில் உள்ளதுதான் என் கணக்கு.
மழை நாளில் குலை நனைந்து கனக்கும்.
மூன்று விழுக்காடு தண்ணீருக்கென்று கழித்து எழுதுவேன்,
இருபத்தாறு வருடமாக.
தோட்டக்காரர்கள் மூன்று மொழியிலும் திட்டுவார்கள்.
லோகேஸ்வரி திட்டியதில்லை.
பத்து ஏக்கர், பழைய லாரி, அவளே ஓட்டுவாள்.
சீட்டை வாங்கி நான்காய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

டிசம்பரில், மழையின் மூன்றாம் நாள்,
மேட்டில் லாரியை விட்டுவிட்டு
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.
"வீடு விக்கிறீங்களாமே."

வெயில் வரட்டும் என்றேன்.
"வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்."

பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள்.
முழங்காலுக்குக் கீழே சத்தம் மாறியது,
அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.
தமயந்தி தேநீர் கொடுத்தாள்.
தண்ணீர் இரண்டாம் படியில் நின்று யோசித்தது.
இரண்டாவது தேநீரும் ஆனது.
அப்புறம் அது உள்ளே வந்தது.

அவள் கால்களை நாற்காலிச் சட்டத்தில் தூக்கி வைத்தாள்.
இருட்டும் நேரம், இனி ஏறாது என்று ஆனபின்
பென்சிலால் சுவரில் ஒரு கோடு கிழித்தாள்.
என் மூன்று பூச்சுக்கும் அடியில்
பழைய கோடு இருந்த அதே இடம்.

"எங்க வீட்டுல இடுப்பு வரைக்கும்" என்றாள்.
"இங்க முழங்கால்தான்.
எவ்வளவு சொல்றீங்க?"

நூற்று எண்பதாயிரம் வெள்ளி.

பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்தாள்.
ஒரு பக்கம் என் கையெழுத்து.
மறுபக்கம் திருப்பி
மூன்று விழுக்காடு போட்டாள்:
ஐயாயிரத்து நானூறு.
"ஈரத்துக்கு" என்றாள்,
எடைப்பாலச் சன்னலில் நான் சொல்லும் அதே குரலில்.
கணுக்கால் தண்ணீரில் கெண்டியோடு நின்ற தமயந்திக்குச்
சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

யாப் போனில் கேட்டார், "டிசம்பரிலா? பைத்தியமா யாராவது?"
எடை தெரிந்த ஆள் என்றேன்.

ஆலை மறுபடி திறந்த திங்கட்கிழமை
அவள் லாரி ஏறியது. குலையெல்லாம் சொட்டச் சொட்ட.
பேனா கொஞ்சம் நின்றது.
மூன்று என்றே எழுதினேன்.
அவள் கண்ணாடியை இறக்கிச் சீட்டைப் பார்த்து
நான்காய் மடித்தாள்.
சாவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.